பின் சக்கரம் ஆடினால் வீடு வரை ஓட்டலாமா?

கேள்வி: கொழும்பில் வேலை செய்கிறேன். லீவு கிடைத்தால் தனியாக மோட்டார் சைக்கிளில் களுவாஞ்சிகுடிக்கு வருவேன். இந்த முறை பொலன்னறுவை தாண்டியதும் பின்பக்கம் ஆடத் தொடங்கியது. தேநீர்க் கடையில் நின்ற ஒருவர் "டயர், செயின் செட், பெயரிங் எல்லாம் போச்சு" என்று தனக்குத் தெரிந்த கராஜுக்குக் கூட்டிப் போனார். மூன்றையும் மாற்றினேன். ஆட்டம் நிற்கவில்லை. இனி இரவில் இப்படி ஆனால் வீடு வரை ஓட்டலாமா?

பதில்: தம்பி, மூன்றும் புதிதாகப் போட்டும் ஆட்டம் அப்படியே இருக்கிறது என்றால், கழற்றிய சாமான்களில் பெரிய பழுது இருந்திருக்காது. எனக்கு முதல் சந்தேகம் நீங்கள் கட்டிய பாரத்தில்தான். ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியைச் சக்கர அச்சுக்கும் பின்னால், கேரியரின் நுனியில் கட்டுகிறார்கள். முன்சக்கரம் இலேசாகிவிடும். ஹபரணை வரை அது தெரியாது. மன்னம்பிட்டிக்கு அப்புறம் ரோடு நேர், கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்கும். அறுபதைத் தாண்டியதும் வண்டி நெளியும். பின் டயர் ஆடுகிற மாதிரியே இருக்கும். பாரமானதை சீற்றின் நடுவுக்குக் கொண்டுவந்து கட்டி ஓட்டிப் பாருங்கள்.

காற்றும் பாருங்கள். சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள், விடாதீர்கள்.

வெறும் வண்டியும் ஆடினால், செயின் மாற்றியபோது சக்கரத்தைக் கோணலாக இறுக்கியிருக்கலாம். அச்சின் இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டரில் கோடு கோடாகக் குறி இருக்கும். இடப்பக்கம் மூன்றாவது கோடு என்றால் வலப்பக்கமும் மூன்றாவதாக இருக்கவேண்டும். செயினும் கம்பி மாதிரி விறைத்து நிற்கக் கூடாது. டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ச் செயினின் நடுவை விரலால் தூக்கினால் ஏறக்குறைய ஒரு அங்குலம் ஆடவேண்டும்.

இனி உங்கள் கேள்வி. பாரத்தாலோ காற்றாலோ வந்த ஆட்டம் என்றால் சரிசெய்துகொண்டு நாற்பதில் வரலாம். பெயரிங் என்றால் வரக்கூடாது. பின் சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். டக் டக் என்று தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். புதிதாகப் போட்ட பெயரிங் என்றாலும் அப்படித்தான். சுத்தியலால் அடித்து ஏற்றிய பெயரிங் சீக்கிரம் போகும். "வாழைச்சேனை கிட்டத்தானே" என்று நினைக்க வேண்டாம். வெலிக்கந்தைக்கும் புணாணைக்கும் இடையில் காடு, இருட்டினால் யானை ரோட்டுக்கு வரும். அதற்குள் சக்கரம் இறுகி நின்றால் இறங்கிப் பார்க்கவும் முடியாது. மன்னம்பிட்டியிலோ வெலிக்கந்தையிலோ தங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பட்டா (சின்ன) லொறி பிடித்து வண்டியை ஏற்றிவிடுங்கள். வீட்டில் ஏசினால் ஏசட்டும்.

அந்த வழிகாட்டிக்கு வருகிறேன். தேநீர்க் கடையில் நின்றபடி மூன்று பழுது சொல்கிறவருக்குக் கராஜில் கொமிஷன் இருக்கும். வெளி மாகாண நம்பர் தகடு, முதுகில் பை, முகத்தில் களைப்பு: அவர் பார்ப்பது இவற்றைத்தான். சக்கரத்தைத் தொட்டு அசைத்துப் பார்த்தாரா? கழற்றிய பழைய பெயரிங்கை உங்கள் கையில் தந்தார்களா? பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் சொத்து. பெயரிங்கின் உள்வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றுங்கள். கரகரவென்று இடறாமல் சுற்றினால் நல்ல பெயரிங்கைக் கழற்றியிருக்கிறார்கள். புதியதைப் பெட்டியோடு காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் விலை அச்சடித்திருக்கவேண்டும். விலை இல்லாத பெட்டி, எழுத்துப் பிழையுள்ள பெட்டி எதையும் வண்டியில் ஏற்றவிடாதீர்கள்.

முறையிட நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. கேட்டால் ரசீது கொடுக்கவேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. இருந்து என்ன? இரவு ஏழு மணிக்குக் கராஜ்காரர் "பில் புத்தகம் முடிஞ்சு" என்றால் எந்த அதிகாரி வந்து கேட்கப்போகிறார்? ரோட்டுக்குப் பொறுப்பானவர்களும் யானை படம் போட்ட பலகையை நட்டதோடு தங்கள் வேலை முடிந்தது என்று இருக்கிறார்கள். அந்தக் காட்டு ரோட்டின் நீளத்துக்கு இரவில் காற்று அடிக்க ஒரு இடம், வெளிச்சத்தில் நிற்க ஒரு இடம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கொழும்புக்குத் திரும்புமுன் ஊரிலேயே, உங்கள் வீட்டாருக்குத் தெரிந்த கராஜில் பின் சுவிங் ஆர்ம் (பின் சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கிற கை) புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிற வண்டியில் அதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை, விலையும் குறைவு. பகலில் போங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.