ஷாட் கணக்கை எதுல வைக்கறது? வாசகர் கேள்விகளும் பதிலும்

கேள்வி: அக்கா, லாஸ்பேட்டையில நாங்க 18 பேர் சேந்து ஒரு சின்ன விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோ நடத்துறோம். ஃப்ரேம்ல உருவத்தை வெட்டி பிரிக்கற ரோட்டோ, வேண்டாததை அழிக்கற பெயிண்ட், எல்லாத்தையும் சேத்து ஒட்டற காம்ப் மூணும் பண்றோம். இதுவரைக்கும் எல்லா கணக்கும் கூகுள் ஷீட்டும் வாட்ஸப் குரூப்பும்தான். இப்ப 240 ஷாட் இருக்கற படம் ஒண்ணு வந்திருக்கு, நாலு மாசம் டைம். ஷாட் கணக்கு வைக்கற ட்ராக்கர் சாஃப்ட்வேர்ல ஷாட்கிரிட் வாங்கலாமா, எஃப்ட்ராக்கா, இல்ல கிட்சு ஃப்ரீன்னு சொல்றாங்களே அதுவா? பார்ட்னருங்க மூணு பேரும் ஆளுக்கு ஒண்ணு சொல்றோம்.
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தம்பி, எது வாங்கறதுன்னு பேசறதுக்கு முன்னாடி உங்க 240 ஷாட்டை கொஞ்சம் விரிச்சு பாருங்க. ஷாட் ஒண்ணுக்கு மூணு வேலைன்னா 720 வேலை, ஒவ்வொரு வேலையும் சராசரியா நாலு வெர்ஷன் போகும்னு வச்சா 2880 வெர்ஷன், அந்த 2880க்கும் யாராவது ஒருத்தர் ஏதாவது சொல்லியிருப்பாங்க, "எட்ஜ் ஆடுது", "கிரெய்ன் மேட்ச் ஆகல", "ஓகே அனுப்பு"ன்னு. ஷீட்டு 720 வரியை தாங்கிடும். அந்த பேச்சு எல்லாத்தையும் தாங்காது. அது வாட்ஸப்ல போயிடும், அங்க சூப்பர்வைசர் வாய்ஸ் நோட்ல "அந்த பைக் ஷாட் ஓகேப்பா"ன்னு சொல்லியிருப்பாரு, சீக்வன்ஸ்ல பைக் ஷாட் ஏழு இருக்கும்.

நான் கோ-ஆர்டினேட்டரா இருந்த ஒரு இடத்துல நடந்ததை சொல்றேன். டெலிவரிக்கு முந்தின ராத்திரி யாரோ ஸ்டேட்டஸ் நெடுவரிசையை மட்டும் செலக்ட் பண்ணி சார்ட் பண்ணிட்டாங்க. ஷாட் பேர் அப்படியே நிக்குது, ஸ்டேட்டஸ் மட்டும் இடம் மாறிடுச்சு, பாத்தா ஒண்ணுமே தெரியாது, ஷீட்டு ரொம்ப ஒழுங்கா இருக்கற மாதிரிதான் இருந்துச்சு. அப்ரூவ் ஆகாத பதினோரு ஷாட் க்ளையன்ட்டுக்கு போயிடுச்சு. மறுநாள் திட்டு வாங்குனது சார்ட் பண்ணவங்க இல்ல, அந்த பதினோரு ஷாட்ல உக்காந்திருந்த பசங்க. அது எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல, அதனாலதான் இந்த விஷயத்துல யார் கேட்டாலும் நீளமா பதில் எழுதறேன்.

இப்ப நீங்க கேட்ட மூணுக்கும் வரேன். ஷாட்கிரிட்ங்கற பேரே இப்ப இல்ல. முதல்ல ஷாட்கன்னு இருந்துச்சு, 2014ல ஆட்டோடெஸ்க் வாங்கினாங்க, 2021ல ஷாட்கிரிட்னு பேர் மாத்தினாங்க, 2024ல ஃப்ளோ புரொடக்‌ஷன் ட்ராக்கிங்னு மறுபடி மாத்திட்டாங்க. டுட்டோரியல் தேடும்போது மூணு பேர்லயும் தேடுங்க, பழசுலதான் நல்ல விளக்கம் நிறைய கிடக்கு. பெரிய ஸ்டுடியோக்கள் அதை விரும்பறதுக்கு காரணம், நமக்கு வேணுங்கற மாதிரி எந்த ஃபீல்டையும் சேக்கலாம், எந்த பக்கத்தையும் மாத்தி கட்டலாம். ஆனா அதை கட்டறதுக்குன்னே ஒரு ஆள் வேணும், அதாவது ஸ்டுடியோவோட டூல் எல்லாத்தையும் எழுதி இணைக்கற டெக்னிக்கல் டைரக்டர், பைப்லைன் டிடின்னு சொல்வாங்க. உங்க 18 பேர்ல அப்படி ஒருத்தர் இருக்காரா? இல்லன்னா பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு ரூம்ல மட்டும் குடியிருக்கற கதையாயிடும். இன்னொன்னு, அது ஆள் கணக்குக்கு சந்தா. கடைசி மாசம் ஃப்ரீலான்சர் பத்து பேர் உள்ள வருவாங்கல்ல, அவங்களுக்கும் சீட் வேணும். படத்துக்கு கொட்டேஷன் போடும்போதே அந்த செலவை சேத்திருந்தா சரி, இப்ப லாபத்துல இருந்து எடுக்கறதுன்னா யோசிங்க.

எஃப்ட்ராக் ஸ்வீடன்ல ஆரம்பிச்சது, அதுவும் ஆள் கணக்குதான், க்ளையன்ட்டுக்கு லிங்க் அனுப்பி ஃப்ரேம் மேலயே கோடு போட்டு கமென்ட் வாங்கறது அதுல நல்லா இருக்கும். உங்க டைரக்டர் சென்னையில உக்காந்துகிட்டு பாக்கறவர்னா ஒரு தடவை ட்ரையல் எடுத்து பாருங்க.

கிட்சு பிரான்ஸ்ல சிஜிவயர்ங்கற கம்பெனி பண்றது, ஓப்பன் சோர்ஸ். பிளெண்டர்ங்கற இலவச 3டி சாஃப்ட்வேர் பண்றவங்களோட பிளெண்டர் ஸ்டுடியோவே அவங்க படங்களுக்கு இதைத்தான் வச்சிருக்காங்க. காசு குடுத்தா அவங்களே அவங்க சர்வர்ல ஓட்டி தருவாங்க, இல்லன்னா நம்ம மெஷின்ல நாமளே போட்டுக்கலாம், அது இலவசம். ஆனா இலவசம்ங்கறது சாஃப்ட்வேர் மட்டும்தான் தம்பி. உபுண்டு மெஷின் ஒண்ணு, நல்ல யுபிஎஸ், லினக்ஸ் தெரிஞ்ச ஒரு ஆள், இதெல்லாம் உங்க கணக்குல வரும். டாக்கர்ல, அதாவது எல்லாம் ரெடியா கட்டி வச்ச பொட்டலமா, அஞ்சு நிமிஷத்துல போடலாம்னு ஒரு வீடியோ பாத்துட்டு அதையே நிஜ வேலைக்கு வச்சுக்காதீங்க, அந்த டாக்கர் இமேஜ் சோதிச்சு பாக்கறதுக்கு மட்டும்தான்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

பேக்கப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, நாலு வார்த்தை சொல்லணும், ஏன்னா நாம இருக்கறது கடலோரம். கிட்சுவுல ரெண்டு இடத்துல டேட்டா இருக்கும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒண்ணு, ப்ரிவியூ வீடியோ இருக்கற ஃபோல்டர் ஒண்ணு. நிறைய பேர் டேட்டாபேஸ மட்டும் எடுத்துட்டு பேக்கப் ஆச்சுன்னு நினைச்சுக்கறாங்க. ரெண்டையும் எடுங்க, தினமும் எடுங்க, ஒரு காப்பி புதுச்சேரிக்கு வெளிய இருக்கணும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்ப ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, ரெயின்போ நகர் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி நின்னதை நீங்களே பாத்திருப்பீங்க. சர்வரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே கிரவுண்ட் ஃப்ளோர்ல ஒரே ரேக்ல இருந்தா அது பேக்கப்பே இல்ல. மாசத்துக்கு ஒரு தடவை அந்த காப்பியை வேற மெஷின்ல ஏத்தி நிஜமாவே திறக்குதான்னும் பாத்துடுங்க.

என் முடிவு கேட்டா உங்களுக்கு கிட்சு. லினக்ஸ் ஆள் கிடைக்கலன்னா அவங்க சர்வர்லயே காசு குடுத்து வச்சுக்கோங்க. ஆனா எதை போட்டாலும் போடறதுக்கு முன்னாடி மூணு பார்ட்னரும் ஒரு நாள் முழுக்க உக்காந்து பேசி முடிக்க வேண்டியது மூணு இருக்கு. ஷாட்டுக்கு பேர் எப்படி? 010, 020, 030ன்னு பத்து பத்தா போங்க, எடிட்ல நடுவுல ஒரு ஷாட் சொருகினா 015ன்னு இடம் இருக்கும். ஸ்டேட்டஸ் எத்தனை? கிட்சு ஆரம்பத்துல தர்ற டூடு, விப் (வேலை நடக்குது), வெயிட்டிங் ஃபார் அப்ரூவல், ரீடேக், டன் இதுவே போதும், "ஆல்மோஸ்ட் டன்"னு ஒண்ணு சேக்க யாராவது கேப்பாங்க, சேக்காதீங்க. கடைசியா, டன்னுனு மாத்தற உரிமை யாருக்கு? ஒருத்தருக்கு மட்டும். இந்த மூணும் முடிவாகாம சாஃப்ட்வேர் வந்தா ஷீட்ல இருந்த குழப்பமே அதுக்குள்ளயும் வந்து உக்காரும்.

அப்புறம் அந்த 240ல இருந்து 20 ஷாட்டை எடுத்து ரெண்டு வாரம் ட்ராக்கர்ல மட்டும் ஓட்டுங்க. மட்டும்ங்கறதுதான் முக்கியம். ஷீட்டும் இருக்கட்டும் அதுவும் இருக்கட்டும்னா பசங்க கேக்கறவங்களுக்கு ஏத்த மாதிரி ஏதோ ஒண்ணுல போடுவாங்க, ரெண்டும் பொய்யாயிடும். அந்த 20 ஷாட்டுக்கு வாட்ஸப்ல சொன்ன கமென்ட் செல்லாதுன்னு சூப்பர்வைசரும் ஒத்துக்கணும், பழகறதுக்கு கஷ்டப்படறது பெரும்பாலும் அவர்தான், ஆர்ட்டிஸ்ட் இல்ல. காலையில வந்து உக்காந்த ஜூனியர் பையன் பின்னாடி நின்னு பாருங்க, இன்னைக்கு தன் வேலை என்னன்னு கண்டுபிடிக்க எத்தனை கிளிக், வெர்ஷனை ஏத்த எத்தனை கிளிக். அவன் முகம் சுளிச்சா அந்த சாஃப்ட்வேர் உங்களுக்கு ஒத்துவராது, எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் சரி. முழுசா அதுக்கு மாறறதுக்கு முன்னாடி எல்லா டேட்டாவையும் சிஎஸ்வியா (எந்த ஷீட்லயும் திறக்கற ஃபைலா) வெளிய எடுத்தும் பாத்துடுங்க, நாளைக்கு மாறணும்னா வழி இருக்கணும்ல.

கேள்வி: வெளிநாட்டு க்ளையன்ட் ஒருத்தர் எங்க செக்யூரிட்டி பத்தி பெரிய ஃபார்ம் அனுப்பியிருக்காரு. ட்ராக்கர் இன்டர்நெட்ல இருந்தா ஒத்துக்குவாங்களா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: க்ளையன்ட்டை பொறுத்தது, அவங்ககிட்டயே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. ஹாலிவுட் பக்கம் வேலைன்னா டிபிஎன் மதிப்பீடு பத்தி பேச்சு வரும், அது ஹாலிவுட் ஸ்டுடியோக்களோட சங்கமான மோஷன் பிக்சர் அசோசியேஷன் நடத்தற ட்ரஸ்டட் பார்ட்னர் நெட்வொர்க். அவங்க கவலை உங்க ட்ராக்கரோட பேர் மேல இல்ல, வெளியாகாத படத்தோட ஃப்ரேம் எங்க கிடக்கு, யார் யார் பாக்கலாம்ங்கறது மேல. வேலை செய்யற மெஷின்ல இன்டர்நெட்டே கூடாதுன்னு சொன்னாங்கன்னா ஆபீஸ்க்குள்ள ஓடற சர்வர்தான் வழி. எதுவா இருந்தாலும் வேலைய விட்டு போனவங்க லாகினை அன்னைக்கே மூடுங்க, நம்ம ஊர் ஸ்டுடியோக்கள்ல இது ரொம்ப அலட்சியமா நடக்குது.

கேள்வி: மேடம், மஞ்சக்குப்பத்துல வீட்டு மாடியில நாங்க அஞ்சு பேர் குழந்தைங்க பாட்டு 2டி அனிமேஷன் பண்றோம். ஒரு பாட்டு மூணு நிமிஷம். எங்களுக்கும் இந்த சாஃப்ட்வேர் வேணுமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இப்போதைக்கு வேணாம்மா. மூணு நிமிஷம்னா 24 ஃப்ரேம் கணக்குல 4320 ஃப்ரேம், ஷாட் ஒரு முப்பது நாப்பதுதான் வரும், அஞ்சு பேரும் ஒரே மாடியில இருக்கீங்க, திரும்பி கேட்டா போதும். ஷீட்டையே ஒழுங்கா வைங்க. ஒரு வரிக்கு ஒரு வேலை, ஸ்டேட்டஸ் டைப் பண்றதா இல்லாம டிராப்டவுனா இருக்கட்டும், ஷாட் பேர் நெடுவரிசையை ப்ரொடெக்ட் பண்ணி வைங்க, சார்ட் பண்ணாம ஃபில்டர் வியூ மட்டும் போடுங்க.

ஷீட்டு கைய விரிக்கற இடம் வேற. அந்த யானைக்குட்டி கேரக்டருக்கு தொப்பி கலரை மாத்தறீங்கன்னு வைங்க. அது எந்தெந்த பாட்டுல, எந்தெந்த ஷாட்ல வருதுன்னு ஷீட்ல கேட்டா பதில் வராது, ஆளாளுக்கு ஞாபகத்துல இருந்து சொல்வீங்க, ஒரு ஷாட் விட்டுப்போகும். கிட்சுவுல பிரேக்டவுன்னு ஒரு பக்கம் இருக்கு, எந்த ஷாட்ல எந்த கேரக்டர், எந்த பேக்ரவுண்ட், எந்த பொருள்னு அதுல முதல்லயே கோத்துடலாம். ஒரே கேரக்டரை வச்சு பத்து பதினஞ்சு பாட்டு போற சீரிஸ் கைக்கு வந்தா அன்னைக்கு மாறுங்க.

கேள்வி: அக்கா, வில்லியனூர்ல இருந்து தினமும் வேலைக்கு போற காம்ப் ஆர்ட்டிஸ்ட் நான். புதுசா ட்ராக்கர் போட்டு ஒவ்வொரு ஷாட்டுக்கும் எத்தனை மணி நேரம்னு எழுத சொல்றாங்க. இது எங்களை வேவு பாக்கறதுக்குதானே?
– பெயர் வேண்டாம்

பதில்: உங்க பயம் எனக்கு புரியுது. அந்த மணிக்கணக்கு எதுக்கு போகுதுங்கறதுலதான் எல்லாம் இருக்கு. ரெண்டு மேன்டே, அதாவது ஒரு ஆளுக்கு ரெண்டு நாள் வேலைன்னு பிட் (முன்கூட்டியே போடற மதிப்பீடு) போட்ட ஷாட் நிஜத்துல மூணரை நாள் எடுத்துச்சுன்னா, அது எழுதி இருந்தாதான் அடுத்த படத்துக்கு பிட் போடறவங்க மூணரைன்னு போடுவாங்க. எழுதலன்னா அடுத்த தடவையும் ரெண்டுன்னுதான் போடுவாங்க, அந்த ஒன்றரை நாள் உங்க ஞாயித்துக்கிழமையில இருந்துதான் போகும். அதனால குறைச்சு எழுதாதீங்க, லீட் என்ன நினைப்பாரோன்னு எட்டை ஆறுன்னு போடறது உங்களை நீங்களே ஏமாத்திக்கறது. க்ளையன்ட் மனசு மாறி வந்த ரீடேக்கையும் உங்க தப்பால வந்த ரீடேக்கையும் தனித்தனியா குறிக்க ஒரு வழி கேளுங்க, பெரும்பாலான ட்ராக்கர்ல அதுக்கு ஒரு ஃபீல்டோ ஸ்டேட்டஸோ சேக்க முடியும், ரெண்டும் ஒரே கணக்குல விழுந்தா அடி ஆர்ட்டிஸ்ட்டுக்குதான்.

ஆனா உங்க சந்தேகத்துலயும் நியாயம் இருக்கு, சில இடத்துல இந்த கணக்கை வச்சு பசங்களை வரிசைப்படுத்தி இன்க்ரிமென்ட்ல கை வைக்கறாங்க, அது ரொம்ப தப்பு, ஏன்னா கஷ்டமான ஷாட்டு எப்பவும் நல்லா பண்றவன் கைக்குதான் போகும், அவன் மணிக்கணக்குதான் கூட வரும். இந்த மாசம் நீங்க முடிச்ச ஏதாவது ஒரு ஷாட்டோட பிட்டையும் நீங்க எழுதின மணியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்ட சொல்லி உங்க லீட்கிட்ட கேளுங்க. காட்டினாருன்னா தைரியமா உள்ளத உள்ளபடி எழுதுங்க. காட்ட மாட்டேன்னா எனக்கு மறுபடி ஒரு கடிதம் போடுங்க, மேல என்ன கேக்கலாம்னு பேசுவோம்.