பாடம் நடத்தும்போது புரிகிறது, இரண்டு வாரத்தில் மறக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணிதமும் அறிவியலும் எடுக்கிறேன். வகுப்பில் 40 பேர். நடத்தும்போது எல்லோரும் புரிகிறது என்கிறார்கள், கணக்கும் சரியாகப் போடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் விழிக்கிறார்கள். அறிவாற்றல் சார்ந்த கற்றல் உத்திகள் என்று ஒரு பயிற்சியில் பதினைந்து பெயர்கள் சொன்னார்கள். 45 நிமிடப் பீரியடில் போர்ஷனையும் முடித்துக்கொண்டு இதில் எதைச் செய்வது?

பதில்: பதினைந்தும் வேண்டாம், இரண்டு மூன்று போதும். முதலில், உங்களை ஏமாற்றுவது எது என்று பார்த்துவிடலாம்.

2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறிய உரைப்பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு சிலர் அதையே இன்னொரு முறை படித்தார்கள். சிலர் தாளைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56.

பீரியட் முடியும்போது நீங்கள் பார்ப்பது அந்த ஐந்தாவது நிமிடத்து மார்க்கைத்தான். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் உண்மையிலேயே தெரிகிறது. அதை வெளியே எடுத்துப் பார்க்கும் வேலை மட்டும் நடப்பதே இல்லை.

எனவே வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை அதற்குக் கொடுங்கள். போர்டில் மூன்று கேள்வி: நேற்றைய பாடத்திலிருந்து ஒன்று, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று. புத்தகமும் நோட்டும் மூடியிருக்க வேண்டும். 40 பேரும் எழுத வேண்டும். ஒருவரை எழுப்பிக் கேட்டால் அவர் ஒருவர்தான் யோசிப்பார், மற்ற 39 பேர் ‘நம்மைக் கேட்கவில்லை’ என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் விடையைப் போர்டில் எழுதுங்கள், அவரவர் தாளை அவரவரே திருத்தட்டும். இந்தத் திருத்தத்தை அவசரத்தில் விட்டுவிட்டால் தப்பான விடையே மனதில் தங்கிவிடும்.

மார்க் போடாதீர்கள். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இதை ஸ்லிப் டெஸ்ட் ஆக்கி மார்க்கைப் பதிவேட்டில் ஏற்றினேன். ஒரே வாரத்தில் பக்கத்து இருக்கையைப் பார்த்து எழுதும் கலைதான் வளர்ந்தது. நினைவைக் கிளறுவதுதான் நோக்கம் என்றால் தப்பாக எழுதவும் பயமில்லாமல் இருக்க வேண்டும்.

இதற்கு நேரம் எங்கே என்பீர்கள். “போன வகுப்பில் நாம் பார்த்தது என்னவென்றால்…” என்று நீங்களே சொல்லித் தொடங்குவீர்களே, அந்த ஐந்து நிமிடம்தான். சொல்வதற்குப் பதில் கேட்கிறீர்கள், அவ்வளவே. பழைய பாடத்துக் கேள்விகள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதால் இடைவெளிப் பயிற்சியும் இதிலேயே அடங்கிவிடும். ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பல நாட்களில் பிரித்துப் படிப்பது நிற்கும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்திருக்கிறார். நாம்தான் இன்னும் தேர்வுக்கு முந்தின வாரத்தை ‘ரிவிஷன்’ என்று ஒதுக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கணக்குக்கு இன்னொன்று உண்டு. தனிவட்டிப் பாடம் முடிந்ததும் பத்துத் தனிவட்டிக் கணக்கு கொடுக்கிறோம். எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம், பாடத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. பிள்ளைக்குத் தனிவட்டி போடத் தெரியும், இது தனிவட்டியா கூட்டுவட்டியா என்று பிரிக்கத்தான் தெரியாது. ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-ல் கனஅளவுக் கணக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே வகையை அடுக்கிப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து செய்தவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அடுக்கிச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63! ஆகவே வீட்டுப்பாடம் பத்தில் நான்கு புதிய பாடம், ஆறு பழைய பாடங்கள், வரிசை குலைத்து. கணக்குகளை நீங்கள் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை, புத்தகத்தில் இருப்பதையே மாற்றி அடுக்கினால் போதும்.

ஆனால் பாடம் தொடங்கிய முதல் நாளே கலக்காதீர்கள். மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய புது விஷயங்கள் ஏறக்குறைய நான்குதான். புதிய முறை என்றால் முழுதாகப் போட்டுக் காட்டிய கணக்குகள் இரண்டு மூன்று, அடுத்ததில் கடைசி வரியை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரி. பின்தங்கிய பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. நன்றாகப் போடுகிறவர்களுக்கு இதுவே சுமையாகிவிடும், அவர்களை நேராகக் கணக்குக்கு அனுப்பிவிடலாம்.

அறிவியலில் ‘என்ன’வைக் குறைத்து ‘ஏன்’ கேளுங்கள். பல இலைகளின் மேற்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட அடர்பச்சையாக இருப்பது ஏன் என்று கேட்டால், பசுங்கணிகம் எங்கே அதிகம், வெயில் எங்கே படுகிறது என்று பிள்ளையே கோக்க வேண்டியிருக்கும். கேட்டுவிட்டு மூன்று வினாடியாவது காத்திருங்கள். நாமாகவே பதில் சொல்லிவிடும் கைப்பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு.

கலர் பேனாவால் கோடு போடுவது, திரும்பத் திரும்ப வாசிப்பது இரண்டுக்கும் பலன் குறைவு. கண்வழி கற்பவர், காதுவழி கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பகுதி உங்கள் பயிற்சியில் வந்திருந்தால் அதையும் விட்டுவிடலாம், 2008-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு அதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் முனகுவார்கள். கலந்த கணக்கில் தப்புகள் கூடும், பெற்றோரும் கேட்பார்கள். அந்த 60, 63 கதையை அவர்களிடம் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளுக்கும் புரியும். போன மாதத்துக் கேள்வியில் பாதிப் பேருக்குமேல் தப்பென்றால் முழுப் பாடத்தையும் மறுபடி நடத்த வேண்டாம். சறுக்கிய அந்த ஒரு இடத்தை மட்டும் விளக்கி, பத்து நாள் கழித்து மறுபடி கேட்க வேண்டும் என்று உங்கள் டைரியில் குறித்துக்கொள்ளுங்கள்.