யூரோப் ரயில் பாஸ் எடுக்கலாமா, தனித்தனி டிக்கெட்டா? வாசகர் கேள்வி பதில்

கோடை லீவு நெருங்குதுன்னா போதும், இந்தப் பகுதிக்கு வர்ற கேள்வில பாதி யூரோப் ரயில் பத்திதான். அதனால இந்த தடவ அத மட்டும் சேத்து எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: நான், மனைவி, 10 வயசு பொண்ணு மூணு பேரும் மே மாசம் பாரிஸ்ல எறங்கி, ஜூரிக், மியூனிக், வியன்னா, வெனிஸ், ரோம்னு போயி அங்கேந்து ஃப்ளைட் ஏர்றதா ப்ளான். ஹோட்டல் தேதி எல்லாம் முடிவாயிடுச்சு. யூரெய்ல் பாஸ் எடுத்தா எல்லா ரயில்லயும் ஏறிக்கலாம்னு ட்ராவல்ஸ்ல சொல்றாங்க. வாங்கிடலாமா? (கோவை)

"எல்லா ரயில்லயும் ஏறிக்கலாம்"னு சொன்னாங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்குவீங்க. யூரெய்ல்ங்கறது பல நாட்டு ரயிலுக்கும் சேத்து ஒரே பாஸ், 33 நாட்டுல செல்லும், அது உண்மை. ஆனா பாஸ்ங்கறது டிக்கெட் மட்டும்தான், சீட் இல்ல. ஃப்ரான்ஸ்ல டிஜிவி, இத்தாலில ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயின்ல ஏவிஇ, அப்புறம் யூரோஸ்டார், இந்த மாதிரி அதிவேக ரயில்லெல்லாம் ரிசர்வேஷன் கட்டாயம், அதுக்குத் தனியா காசு. நீங்க போற பாரிஸ்-ஜூரிக் ரயில்லயும் அப்படித்தான், பாஸ் கையில இருந்தாலும் ஆளுக்கு ஒரு தொகை கட்டித்தான் ஆகணும், அதுவும் பாஸ் வெச்சிருக்கறவங்களுக்குன்னு சில சீட்டுதான் ஒதுக்குவாங்க, அது தீந்து போச்சுன்னா ரயில் காலியா போனாலும் உங்களுக்கு கெடைக்காது. வெனிஸ்-ரோம் அதிவேக ரயில்லயும் ஆளுக்கு 10 யூரோக்கு மேல. குழந்தைக்கு பாஸ் ஃப்ரீதான் (4லேந்து 11 வயசு, ஒரு பெரியவங்களுக்கு ரெண்டு குழந்தை வரைக்கும்), ஆனா குழந்தை பாஸையும் ஆர்டர் போடும்போதே சேக்கணும், ரிசர்வேஷன் கட்டணத்துலேந்து தப்பிக்கவும் முடியாது.

கணக்கு போட்டு பாருங்க. உங்களுக்கு பெரிய பயணம் மொத்தம் அஞ்சு. அஞ்சு நாள் பாஸ் (அஞ்சு பயண நாளுக்குச் செல்லும்), ரெண்டாம் வகுப்பு, ஒரு பெரியவருக்கு 300 யூரோக்கு மேல வரும், அப்போ ஒரு நாளுக்கு 60 யூரோ சொச்சம். எந்த பயணத்துக்கு முன்கூட்டியே எடுத்தா டிக்கெட்டே 60க்கு கீழ கெடைக்குதோ அந்த நாளுக்கு பாஸ் தண்டம். மியூனிக்-வியன்னா, வெனிஸ்-ரோம் எல்லாம் ரெண்டு மூணு மாசம் முன்னாடி பாத்தா பெரும்பாலும் அதுல பாதி விலைக்கே கெடைக்கும். உங்க தேதி வேற முடிவாயிடுச்சு, அதனால உங்களுக்கு தனித்தனி டிக்கெட்தான், பாஸ் வேணாம்.

அப்போ பாஸ் யாருக்குத்தான்னு கேட்டா, இன்னைக்கு மழையா இருக்கு நாளைக்கு போலாம்னு காலைல எழுந்து முடிவு பண்றவங்களுக்கு. அதுவும் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ், நெதர்லாந்து பக்கம் சுத்தறவங்களுக்கு. அங்க பெரும்பாலான பகல் ரயில்ல ரிசர்வேஷன் கட்டாயமில்ல, ஏறி காலியா இருக்கற சீட்டுல உக்காந்துக்கலாம், சீட்டுக்கு மேல சின்ன டிஸ்ப்ளேல ரெண்டு ஊர் பேர் ஓடுச்சுன்னா அந்த ஊருக்கு இடையில யாரோ புக் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம், பேர் இல்லன்னா உங்களுது. 27 வயசு வரைக்கும் 25 சதவீதம் தள்ளுபடி, 60 தாண்டினவங்களுக்கு 10 சதவீதம், காலேஜ் பசங்களுக்கு இது நல்ல டீல்.

பாஸ் எடுக்கறவங்க ஒண்ணு கவனிங்க. இப்ப பெரும்பாலும் மொபைல் பாஸ்தான், ரெயில் ப்ளானர்னு ஒரு ஆப். ஒவ்வொரு ரயில்லயும் ஏர்றதுக்கு முன்னாடி அந்த ரயில ஆப்ல சேத்து, அந்த நாள பயண நாளா ஆன் பண்ணி, க்யூஆர் கோட் வர வெச்சுக்கணும். டிடிஆர் வந்ததும் பண்ணிக்கலாம்னு உக்காந்திருந்தா அது டிக்கெட் இல்லாத பயணம்தான், அபராதம் போடுவாங்க. இன்னொண்ணு, இத்தாலோ, ஓய்கோ, ஃப்ளிக்ஸ்ட்ரெய்ன் இதுலெல்லாம் பாஸ் செல்லாது.

கேள்வி: தம்பி ஸ்டுட்கார்ட்ல வேல பாக்கறான், இந்திய பாஸ்போர்ட்தான். நாங்க சென்னைலேந்து போறோம். எல்லாரும் ஒரே பாஸ் எடுக்க முடியுமா? (சென்னை)

முடியாது, ஆனா அதனால நஷ்டமும் இல்ல. யூரோப்புக்கு வெளிய இருக்கறவங்களுக்கு யூரெய்ல், அங்க வசிக்கறவங்களுக்கு இன்டர்ரெயில். பாஸ்போர்ட் கலர் முக்கியமில்ல, எங்க வசிக்கறார்ங்கறதுதான், அவர்கிட்ட ஜெர்மனி ரெசிடென்ஸ் பெர்மிட் இருந்தா போதும். ரயில் அதேதான், பக்கத்து பக்கத்துலயே உக்காரலாம். ஒரே ஒரு வித்தியாசம், அவரால ஜெர்மனிக்குள்ள இஷ்டத்துக்கு அந்த பாஸ வெச்சு சுத்த முடியாது, நாட்ட விட்டு வெளிய போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்ளோதான். ஜெர்மனிக்குள்ள உங்களோட சுத்தறதுக்கு அவர் தனி டிக்கெட் எடுக்கணும்.

கேள்வி: விசா இன்னும் வரல. ஆனா ரயில் டிக்கெட் வெல தெனமும் ஏறுது. இப்பவே எடுத்து வெச்சுக்கறது நல்லதா? விசா ரிஜெக்ட் ஆனா பணம் வருமா? (மதுரை)

எந்த டிக்கெட்ங்கறத பொறுத்துதான். ஜெர்மனில சூப்பர் ஸ்பார்ப்ரைஸ்னு ஒண்ணு இருக்கு, இருக்கறதுலயே மலிவு, கேன்சல் பண்ணா ஒரு பைசா வராது. ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் வெல ஜாஸ்தி, ஆனா பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்போதே பண்ணா பணம் போகாம கேன்சல் பண்ணலாம். ஒவ்வொரு நாட்டுலயும் இப்படி மலிவா ஒண்ணு, நடுவுல ஒண்ணு, ஃப்ரீயா கேன்சல் பண்ற மாதிரி ஒண்ணுன்னு வெச்சிருப்பாங்க, பே பட்டன தட்டறதுக்கு முன்னாடி "ரீஃபண்ட்"ங்கற வரிய மட்டுமாவது படிங்க. விசாவ காரணம் காட்டி எந்த ரயில்வேயும் பணத்த திருப்பித் தராது.

யூரெய்ல் பாஸ் இந்த விஷயத்துல கொஞ்சம் பரவால்ல. வாங்கி 11 மாசத்துக்குள்ள எப்ப வேணா ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்கவே இல்லன்னா 15 சதவீதம் புடிச்சுட்டு மீதிய தருவாங்க, ஆனா ஆஃபர்ல வாங்கினதுக்கு விதி வேற மாதிரி இருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

என்னோட யோசன, விசா கைக்கு வர்ற வரைக்கும் கேன்சல் பண்ண முடிஞ்சத மட்டும் எடுங்க, 20 யூரோ மிச்சம் பண்ணப்போயி 200 யூரோவ விடாதீங்க. அப்புறம் பே பண்ணும்போது "ரூபாய்ல கட்டறீங்களா யூரோலயா"ன்னு கேட்டா யூரோவையே தட்டுங்க. ரூபாய்ல தட்டினா அவங்க வைக்கற ரேட்தான், பேங்க் ரேட்ட விட மோசமாத்தான் இருக்கும். நம்ம கார்டு ரயில்வே சைட்ல ஓடலன்னா ட்ரெய்ன்லைன், ஓமியோ மாதிரி விக்கறவங்ககிட்ட எடுக்கலாம், கொஞ்சம் சர்வீஸ் சார்ஜ் இருக்கும். இன்னொண்ணு, லண்டனும் சேத்து யூரோஸ்டார்ல போறவங்க, ஷெங்கன் விசா பிரிட்டனுக்கு செல்லாது. பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷன்லயே பிரிட்டிஷ் அதிகாரிங்க பாஸ்போர்ட் பாப்பாங்க, அங்கயே திருப்பி அனுப்பிடுவாங்க.

கேள்வி: போன வருஷம் மொதல் ரயில் 70 நிமிஷம் லேட், அதனால மாறி ஏற வேண்டிய ரயில் போயிடுச்சு, புதுசா டிக்கெட் எடுக்கச் சொன்னாங்க. இது நியாயமா? ஏதாவது வாங்க முடியுமா? (பெங்களூரு)

ரெண்டு ரயிலும் ஒரே டிக்கெட்டா, தனித்தனியா எடுத்ததா? இதுக்கு பதில் தெரிஞ்சாத்தான் எதுவும் சொல்ல முடியும். ஒரே டிக்கெட்னா உங்கள கடைசி ஊர் வரைக்கும் கொண்டு போயி சேக்கற பொறுப்பு அவங்களோடது, அடுத்த ரயில்ல காசில்லாம ஏத்தியிருக்கணும். தனித்தனியா எடுத்ததுன்னா ரெண்டாவது டிக்கெட் உங்க பாடு. இதுக்காகத்தான் ரெண்டு துண்டா எடுத்தா அஞ்சு யூரோ கம்மியா வருதேன்னு ஆசப்படாதீங்கன்னு சொல்றது, அப்படித்தான் எடுக்கணும்னா நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடுங்க.

நஷ்ட ஈடு விஷயத்துல ஐரோப்பிய யூனியன் சட்டம் தெளிவா இருக்கு. 2021/782ங்கற விதிமுறை, 2023 ஜூன் 7லேந்து நடைமுறைல இருக்கு. போய் சேர்ற ஊருக்கு 60லேந்து 119 நிமிஷம் லேட்டானா டிக்கெட் வெலைல 25 சதவீதம், 120ம் அதுக்கு மேலயும் போனா 50 சதவீதம். கெளம்பும்போதே ஒரு மணி நேரத்துக்கு மேல லேட்டாகும்னு தெரிஞ்சா போகாமலே முழு பணத்தையும் திருப்பி கேக்கலாம். மாத்து வழி என்னன்னு 100 நிமிஷத்துக்குள்ள அவங்க சொல்லலன்னா நீங்களே வேற ரயில் இல்ல பஸ் டிக்கெட் எடுத்துட்டு நியாயமான செலவ அவங்ககிட்ட வாங்கலாம். பெரும் புயல் வெள்ளம் மாதிரின்னா நஷ்ட ஈடு கெடையாது, ஆனா ரயில்வே ஆளுங்களே ஸ்ட்ரைக் பண்ணா அது சாக்கு ஆகாது.

உங்களோட கேஸ் போன வருஷத்துது, இந்த சட்டப்படி மூணு மாசத்துக்குள்ள கேட்டிருக்கணும், இப்ப கஷ்டம். அடுத்த தடவ லேட்டாகுதுன்னு தெரிஞ்ச உடனே ஸ்டேஷன் போர்டயும் டிக்கெட்டயும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஃபார்ம் ஆன்லைன்லயே இருக்கும். ஜெர்மனில இன்னொரு சலுகையும் இருக்கு, குறிப்பிட்ட ரயிலுக்குன்னு எடுத்த மலிவு டிக்கெட்டா இருந்தாலும் 20 நிமிஷத்துக்கு மேல லேட்டாகும்னா அந்த கட்டுப்பாடு போயிடும், வேற ரயில்ல ஏறிக்கலாம்.

கேள்வி: ஹோட்டல் செலவ மிச்சம் பண்ண நைட் ட்ரெய்ன்ல போலாமா? அம்மாவுக்கு 68 வயசு. (திருச்சி)

மிச்சம் ஆகும்னு நெனச்சு போகாதீங்க, அது ஒரு அனுபவம்னு போங்க. ஆஸ்திரிய ரயில்வேயோட நைட்ஜெட்தான் இதுல பெருசு, வியன்னாலேந்து ரோம், வெனிஸ் எல்லாம் போகுது. முக்கியமா மூணு வகை. வெறும் சீட், அம்மாவோட அந்தப் பக்கமே போகாதீங்க. குஷெட், நாலு இல்ல ஆறு பேர் படுக்கற அறை, போர்வ தலகாணி தருவாங்க, காலைல ரெண்டு பன்னும் ஜாமும் காபியும் வரும். ஸ்லீப்பர், ஒண்ணுலேந்து மூணு பேர், வாஷ்பேசின் உள்ளயே, அதுக்கேத்த வெல. நம்ம ஊர் மாதிரி ஆர்ஏசி, வெயிட்டிங் லிஸ்ட் எல்லாம் கெடையாது, கெடைச்சா கெடைச்சது, லீவு நாள்ல சீக்கிரமே தீந்துடும். பெண்களுக்கு மட்டும்னு குஷெட் இருக்கு, கேட்டு வாங்குங்க, கீழ் பெர்த்த புக் பண்ணும்போதே தேர்ந்தெடுத்துடுங்க, அந்த ஏணி கிட்டத்தட்ட செங்குத்தா இருக்கும். பாஸ்ல போனா கெளம்பற நாள் மட்டும்தான் பயண நாளா கணக்கு, ஆனா பெர்த்துக்கு தனியா கட்டணும்.

ஏறும்போது பெட்டிக்கு வெளிய எழுதியிருக்கற ஊர பாத்து ஏறுங்க. ஒரே ரயில் நடு ராத்திரில பிரிஞ்சு பாதி ஒரு ஊருக்கும் மீதி இன்னொரு ஊருக்கும் போறது அங்க சகஜம்.

கேள்வி: பெர்னினா எக்ஸ்ப்ரஸ் ரிசர்வேஷனுக்கு இவ்ளோ குடுக்கறது வொர்த்தா? (சிங்கப்பூர்)

என்ன கேட்டா இல்ல. சுவிஸ் மலை வழியா காட்சி பாக்கறதுக்குன்னே ஓடற டூரிஸ்ட் ரயில் அது. ஆனா அதே தண்டவாளத்துல அதே மலைல சாதா ரயில் ஓடுது, செயின்ட் மோரிட்ஸ்லேந்து இத்தாலி பக்கம் திரானோ வரைக்கும், ரிசர்வேஷனே வேணாம். எக்ஸ்ப்ரஸ்ல கண்ணாடி கூர வரைக்கும் வளஞ்சு வரும், பாக்க அழகு, ஆனா தெறக்க முடியாது, போட்டோல உங்க மூஞ்சியே விழும். சாதா ரயில்ல சில பெட்டில ஜன்னல எறக்கலாம். 2253 மீட்டர்ல இருக்கற ஓஸ்பிட்சியோ பெர்னினால எறங்கி ஏரிக்கரைல கொஞ்சம் நடந்துட்டு அடுத்த ரயில புடிக்கலாம், எக்ஸ்ப்ரஸ்ல போனா இஷ்டப்பட்ட எடத்துல எறங்க முடியாது. கீழ ப்ரூசியோ கிட்ட ரயில் ஒரு கல்பாலத்துல வட்டமடிச்சு தன்னோட அடியிலயே நுழையும், அப்ப ஜன்னல்ல கைய ஊன்றிக்கிட்டு பாத்தா உங்க ரயிலோட மூஞ்சி உங்களுக்கே தெரியும், அதுக்கு எக்ஸ்ட்ரா காசே கெடையாது. 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது இந்த பாதையத்தான், ரயில இல்ல. பெரிய கண்ணாடி, கூட்டம் இல்லாம போகணும்னா எக்ஸ்ப்ரஸ் எடுங்க, தப்பில்ல.

இப்படி சும்மா கெடைக்கற காட்சி இன்னும் இருக்கு. ஃப்ராங்க்ஃபர்ட்லேந்து கொலோன் போக வேகமான ரயில் ஒரு மணி நேரத்துல போயிடும், வழில நெறைய சுரங்கம். மைன்ட்ஸ் வழியா கோப்லென்ஸ் போற பழைய பாதைல மெதுவான ரயில எடுத்தீங்கன்னா ரைன் நதி ஓரமாவே போகும், மலை மேல கோட்டையா வரும், லோரலை பாறையும் வரும். மைன்ட்ஸ்லேந்து போறப்ப வலது பக்கம் உக்காருங்க. ப்ராக்லேந்து ட்ரெஸ்டன் போறப்பவும் வலது பக்கம்தான், எல்பே நதி. செக் ரயில்வேயோட டைனிங் கார் அதுல இருந்தா விடாதீங்க, சூப்பும் சூடா வரும், வெலையும் அடிக்காது.

கேள்வி: பெரிய சூட்கேஸ் ரெண்டு, கூட சாப்பாட்டு பை. விடுவாங்களா? (சேலம்)

விடுவாங்க, ஆனா தூக்கறது நீங்கதான், போர்ட்டர் கெடைக்க மாட்டார், சில பெட்டில மூணு படி ஏறணும். ஓய்கோ மாதிரி மலிவு ரயில்ல பெரிய பெட்டிக்கு தனி காசு. ஸ்பெயின்ல அதிவேக ரயிலுக்கு லக்கேஜ ஸ்கேன் பண்ணித்தான் விடுவாங்க, கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க. புளியோதரை, சப்பாத்தி எல்லாம் ரயில்ல தாராளமா சாப்பிடலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஊர்லேந்து நெய், பால் பொருள், கறி எதுவும் எடுத்துட்டு போகாதீங்க, ஏர்போர்ட் கஸ்டம்ஸ்லயே தூக்கி போட்டுடுவாங்க.

இத்தாலில லோக்கல் ரயிலுக்கு பேப்பர் டிக்கெட் எடுத்தீங்கன்னா ஏர்றதுக்கு முன்னாடி ப்ளாட்பாரத்துல இருக்கற மெஷின்ல விட்டு சீல் அடிச்சுக்கோங்க, அடிக்கலன்னா டிக்கெட் இருந்தும் அபராதம். வெனிஸ்னு தேடினா ரெண்டு ஸ்டேஷன் வரும், தண்ணிக்கு நடுவுல இருக்கறது சாந்தா லூச்சியா, மெஸ்த்ரேங்கறது அதுக்கு முந்தின ஸ்டேஷன், கரைலயே இருக்கு. உங்க ஹோட்டல் எங்க இருக்குன்னு பாத்துட்டு எடுங்க.