கியோட்டோல ஒரே நாள், தனியா: ஒரு ரயில் லைன்ல நாலு கோயில்

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: ஆபீஸ் வேலையா ஒசாகா போறேன், ஒரு நாள் லீவு கிடைக்குது, கியோட்டோ கோயில்களை தனியா பாக்கணும், லிஸ்ட்ல பன்னெண்டு இடம் இருக்கு, நான் சுத்த சைவம், கும்பிடுற முறை தெரியாம ஏதாவது தப்பா செஞ்சிடுவேனோன்னு பயமாவும் இருக்கு, எப்படி பிளான் பண்றது?

முதல்ல அந்த லிஸ்ட்ட குறைங்க. தங்கக் கோயில் கின்காகுஜி ஊருக்கு வடமேற்குல இருக்கு, அராஷியாமா மேற்குக் கடைசி, ஃபுஷிமி இனாரி தெற்கு, எல்லாத்தையும் ஒரே நாள்ல பிடிக்கப் பாத்தா பாதி நாள் சிட்டி பஸ் நெரிசல்லயே போயிடும். நான் சொல்றது கெய்ஹான் ரயில் லைன். ஒசாகாவுல யோதொயாபாஷி ஸ்டேஷன்ல ஏறுங்க, லிமிடெட் எக்ஸ்பிரஸ்க்கு எக்ஸ்ட்ரா காசு கிடையாது, பிரீமியம் கார்னு எழுதின பெட்டிக்கு மட்டும் தனி டிக்கெட், அதுல ஏறாதீங்க. தம்பாபாஷியில இறங்கி லோக்கல் பிடிச்சா ஃபுஷிமி இனாரி வந்துடும், அங்கேர்ந்து அதே லைன்ல வடக்கே போகப் போக சன்ஜூசன்கென்தோ, கியோமிசுதேரா, யாசகான்னு மத்த மூணு கோயிலும் வரிசையா வருது.

இனாரிக்கு காலையில ஏழு மணிக்குள்ள போயிடுங்க. இருபத்திநாலு மணி நேரமும் திறந்திருக்கும், டிக்கெட்டும் கிடையாது, ஒம்பது மணிக்கு மேல அந்த ஆரஞ்சு தூண் வரிசையில கூட்டம் சேர்ந்துடும். அந்த வாசலுக்கு தோரின்னு பேரு, ஒவ்வொண்ணும் யாரோ ஒரு வியாபாரியோ கம்பெனியோ காணிக்கையா வச்சது, ஏறும்போது தெரியாது, திரும்பிப் பாத்தா தூணோட பின்பக்கம் கருப்பு எழுத்துல குடுத்தவங்க பேரும் தேதியும் இருக்கும். மலை 233 மீட்டர்தான், ஆனா முழுசா சுத்த ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால பாதி வழியில யொத்சுத்சுஜின்னு ஒரு சந்திப்பு இருக்கு, ஊரே கீழ தெரியும், அங்கேயே திரும்பிடுங்க.

அடுத்து ஷிச்சிஜோ ஸ்டேஷன்ல இறங்கி கொஞ்சம் நடந்தா சன்ஜூசன்கென்தோ. நாலுல ஒண்ணுதான் பாக்க முடியும்னா இதைத்தான் பாருங்கன்னு சொல்வேன். 1266-ல திரும்பக் கட்டின, 120 மீட்டர் நீளமான மர மண்டபம், உள்ள 1001 கன்னோன் சிலை, கருணையோட வடிவமா புத்த மதத்துல கும்பிடுற அவலோகிதேஸ்வரரைத்தான் அங்க கன்னோன்னு கும்பிடுறாங்க. எல்லாரும் அந்த வரிசையைப் பாத்துட்டு அசந்து போய் நகர்ந்துடுவாங்க, நீங்க முன்னாடி நிக்கிற 28 காவல் தெய்வங்கள் கிட்ட நிதானமா நில்லுங்க, இந்திரன், பிரம்மா எல்லாம் அதுல இருக்காங்க, கருடன் அலகும் இறக்கையுமா புல்லாங்குழல் ஊதிக்கிட்டு நிக்கிறார், நம்ம கோயில் பாத்து வளர்ந்தவங்களுக்கு அந்த இடத்த விட்டு வர மனசே வராது. உள்ள போட்டோ எடுக்கக் கூடாது, செருப்பு கழட்டணும், குளிர் காலத்துல தரை ஜில்லுன்னு இருக்கும், கனமான சாக்ஸ் போட்டுக்குங்க.

கியோமிசுதேராவ மதியத்துக்கு மேல வச்சுக்குங்க, பெரும்பாலான கோயில்கள் நாலரை அஞ்சுக்கெல்லாம் மூடிடும், இது ஆறு மணி வரை இருக்கும். மலைச்சரிவுல 13 மீட்டர் உயரத்துக்கு தூண் எழுப்பி 1633-ல கட்டின மரத் தளம், கீழ ஒதோவா அருவி மூணு தாரையா விழும், ஒண்ணுல மட்டும் குடிங்க, மூணுலயும் குடிச்சா பேராசைம்பாங்க. அப்படியே இறங்கி நடந்தா கியோன்ங்கிற பழைய தெருக்கள் பக்கம் யாசகா கோயில், ராத்திரியிலயும் உள்ள போகலாம், விளக்கெல்லாம் ஏத்தி இருக்கும். கியோன்ல தனியார் சந்துகள்ல போட்டோவுக்கு தடை, போர்டைப் பாத்து நடங்க.

கும்பிடுற முறை ரொம்ப சுலபம். இனாரியும் யாசகாவும் ஷின்தோ, அதாவது ஜப்பானோட சொந்த மதத்து கோயில், காசு போட்டு ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கை தட்டி, கும்பிட்டு, இன்னொரு தடவை குனியணும். மத்த ரெண்டும் புத்த கோயில், அங்க கை தட்டக் கூடாது, கை கூப்பினா போதும். தண்ணித் தொட்டியில கரண்டியால இடது கை, வலது கை கழுவி, இடது உள்ளங்கையில ஊத்தி வாய் கொப்பளிங்க, கரண்டியில வாய் வைக்காதீங்க. தெரியாம மாத்தி செஞ்சுட்டாலும் யாரும் திட்ட மாட்டாங்க.

சாப்பாடுதான் உண்மையிலேயே கஷ்டம். வெஜ் மாதிரி தெரியிற உடோன் நூடுல்ஸ் சூப்புல கூட தாஷி இருக்கும், அது நம்ம மாசிக் கருவாடு மாதிரி காயவச்ச சூரை மீன்ல எடுக்கிறது, இனாரி வாசல்ல விக்கிற, சோறு அடைச்ச இனாரி சூஷியோட பொரிச்ச டோஃபு பையையும் பெரும்பாலும் அதுலதான் வேக வைப்பாங்க. மீன், கறி, தாஷி எதுவும் வேண்டாம்னு ஜப்பானிய மொழியில போன்ல எழுதி வச்சு காட்டுங்க, ஷோஜின் ரியோரின்னு போர்டு இருந்தா அது மடத்து சைவச் சாப்பாடு, விலை அதிகம்தான், முன்பதிவு கேக்கிற இடமும் உண்டு. கையில சப்பாத்தியோ பழமோ வச்சுக்குங்க, தெருவுல குப்பைத்தொட்டி இருக்காது, ஒரு காலி கவரும் எடுத்துக்குங்க. டிக்கெட் கவுன்டர்ல நிறைய இடத்துல காசுதான், ஆயிரம் யென் நோட்டும் சில்லறையுமா மாத்தி வச்சுக்குங்க.