கேளுங்கள், சொல்கிறேன்: நீல மணி என்ன தப்பு செய்தது?

கேள்வி: மரபியல் நகர்விலும் சரி, இயற்கைத் தேர்விலும் சரி, ஒரு பண்பு பெருகுகிறது, இன்னொன்று அழிகிறது. பிறகு இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: முடிவை மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாதுதான். விலங்கியல் ஆசிரியராக இருந்தபோது நானும் பல வருடம் வரையறையை எழுதிப்போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன். பிறகு ஒரு துணிப்பையில் 5 சிவப்பு மணி, 5 நீல மணி போட்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

கண்ணை மூடி ஒரு மணி எடுக்க வேண்டும். நிறத்தைக் குறித்துக்கொண்டு பையிலேயே போட்டுவிட வேண்டும். இப்படி 10 முறை. 7 சிவப்பு, 3 நீலம் வந்தால் அடுத்த தலைமுறையின் பையில் 7 சிவப்பு, 3 நீலம். அன்றைக்கு 12ஆவது சுற்றில் நீலம் அடியோடு தீர்ந்துபோனது. "நீலம் என்ன தப்பு செய்தது, சார்?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். ஒரு தப்பும் செய்யவில்லை. அதற்குப் பெயர்தான் நகர்வு.

நீல மணியைச் சற்றுப் பெரிதாக்குங்கள். கை தானாக அதில்தான் படும். இது தேர்வு. பத்து நாள் ஆடினாலும் பெரும்பாலும் நீலமே ஜெயிக்கும். முதல் ஆட்டத்திலோ ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம்.

இதையே ஈக்களை வைத்து ஆடிய ஆய்வாளர் பீட்டர் பூரி 1956இல் முடிவை வெளியிட்டார். 107 குப்பிகள், ஒவ்வொன்றிலும் 16 பழ ஈக்கள், கண் நிறத்துக்கான மரபணுவின் இரு வடிவங்களும் சரிபாதி. தலைமுறைதோறும் குஞ்சுகளில் 16ஐ மட்டும் கைக்கு வந்தபடி எடுத்துப் புதுக் குப்பியில் விட்டார். 19 தலைமுறைக்குப் பின் 30 குப்பிகளில் ஒரு வடிவம் மறைந்திருந்தது. 28 குப்பிகளில் மற்றது. ஒன்றுக்கு அனுகூலம் இருந்திருந்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

பையில் 10,000 மணி இருந்தால் விகிதம் அசைவதே தெரியாது. கூட்டம் சிறுத்தால்தான் நகர்வுக்குக் கொண்டாட்டம். கெடுதலான மரபணுகூட அப்போது நிலைத்துவிடும். பசிபிக்கின் பிங்கெலாப் தீவில் 1775 வாக்கில் அடித்த சூறாவளிக்குப் பின் சுமார் 20 பேரே மிஞ்சினார்கள். முழு நிறக்குருட்டுக்கான மரபணு அந்தச் சிறு கூட்டத்தில் இருந்தது. இன்று அத்தீவினரில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு நிறமே தெரியாது. வெயிலில் கண் திறக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் ஒரு பண்பைப் பார்த்ததும் 'இதற்கு ஏதோ பயன் இருக்கிறது' என்பது தவறா?

பதில்: அவசரம். அதே பண்பு தனித்தனிக் கூட்டங்களிலும் ஜெயித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடலிலிருந்து வெவ்வேறு ஏரிகளில் புகுந்த ஸ்டிக்கில்பேக் மீன்கள், ஏரிக்கு ஏரி தனித்தனியே தங்கள் கவசத் தகடுகளைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன. இத்தனை ஏரிகளிலும் குலுக்கலில் ஒரே சீட்டு விழாது.