மூன்று உறுமி, ஒரு வாசல்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற மாதம் நீங்கள் குறிப்பிட்டிருந்த ஓலாஃப் ஸ்டேபிள்டனின் ‘லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்’ நாவலைப் படித்தேன். 200 கோடி ஆண்டு வருங்காலம், பதினெட்டு மனித இனங்கள். படித்து மூடியபின் மிருதங்கத்தைத் தொட மனம் வரவில்லை. பத்து நாளாகிறது. எல்லாம் அழியத்தான் போகிறது என்றால், இந்தச் சின்ன ஊரில் உட்கார்ந்து நான் சாதகம் செய்து என்ன ஆகப்போகிறது? இசைக்கலைஞனுக்கு இத்தகைய அறிவியல் புனைவுகளால் நன்மை உண்டா? அடுத்து எதைப் படிக்கலாம்? தமிழில் ஏன் யாரும் இந்த உயரத்துக்கு எழுதவில்லை?

க.,
சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

பத்து நாள் சாதகம் செய்யாததற்கு ஸ்டேபிள்டன் மேல் பழி போடாதீர்கள். என் மாமா ஒருவர் மழை வரப்போகிறது என்று ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போகாமல் படுத்துக்கொள்வார். நீங்கள் சூரியன் கெடப்போகிறது என்று படுத்திருக்கிறீர்கள். மாமா பரவாயில்லை, சில நாள் மழை உண்மையாகவே வந்தது.

1930இல் அந்த நாவலை எழுதி வெளியிட்டவர் முதல் உலகப்போரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். லிவர்பூல் பக்கத்தில் தொழிலாளர் கல்விச் சங்கத்துக்காக வகுப்பு எடுத்தவர். மனிதன் அற்பம் என்று முடிவுகட்டிய ஆள், வேலை முடிந்து களைத்து வந்தவர்கள் எதிரே நின்று தத்துவம் சொல்லிக்கொண்டிருப்பாரா? அதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். அவருடைய மூன்றாம் மனித இனம் இசையையே மதமாக்கிப் பேரரசு கட்டிக் கெடுகிறது. மிருதங்கக்காரர் நீங்கள். அந்தப் பக்கங்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை! அழிவை மட்டும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

சின்ன ஊராம். பிரேசில் காட்டு ரப்பர் விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கடல் தாண்டி, 1877இல் நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டது. அந்த மரத்துக்குப் பால் வெட்ட இன்னொரு கடல் தாண்டி நம் பாட்டன்மாரைக் கொண்டுவந்தார்கள். இதைக் கற்பனையாக எழுதினால் நம்பும்படி இல்லை என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

தமிழில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வையே புரட்டியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் உர்சுலா லெ குவினின் ‘தி டிஸ்பொசஸ்டு’ நாவலை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். 1974இல் வந்தது. யாருக்கும் சொத்தில்லாத, வறண்ட அனாரெஸ் என்ற உலகம். அங்கே காலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் இயற்பியலாளன் ஷெவெக். கதையின் ஓரத்தில் சலாஸ் என்று ஓர் இசையமைப்பாளன் வருகிறான். அவன் இசை அங்கேயுள்ள இசைச் சங்கத்துக்குப் பிடிக்கவில்லை. ஆகவே உடலுழைப்பு வேலைதான் கிடைக்கிறது. அவன் எழுதிய ஓர் உருப்படியை லெ குவின் இரண்டு மூன்று வரியில் சொல்லிவிடுகிறார்: ஐந்து கருவிகள், ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுழற்சியில் வாசிக்கிறது, மெட்டு கிடையாது. ஒன்றுக்கொன்று உள்ள உறவுதான் இசையை நகர்த்துகிறது.

முதல்முறை இதைப் படித்தபோது, இந்த அம்மாள் எப்போது சுங்கை சிப்புட்டுக்கு வந்தார் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

என் சித்தப்பா காலையில் பால்வெட்டு, மாலையில் உறுமி. இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தி இழுப்பார். குச்சி பட்டுப்பட்டு அந்த இடம் கறுத்து, பழைய நாணயம்போலப் பளபளக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு தைப்பூசம். மூன்று தோட்டத்துக் காவடிகளும் மூன்று உறுமி மேளங்களும் ஒரே நேரத்தில் கோயில் வாசலுக்கு வந்து சிக்கிக்கொண்டன. எங்கள் மேளம் மூன்று எண்ணிக்கையில் போகிறது. அடுத்த தோட்டத்து மேளம் நாலில். மூன்றாவது அணியில் எல்லாம் பொடியன்கள், அவர்களிடம் தாளம் இல்லை, வேகம் மட்டும் இருந்தது. நிறுத்துங்கள் என்று நிர்வாகத்தில் ஒருவர் ஒலிபெருக்கியில் கத்துகிறார். யார் நிறுத்துவார்கள்? காதை அடைக்கும் சத்தம். திடீரென்று ஒரே ஒரு அடி, மூன்று மேளமும் சேர்ந்து விழுந்தது. என் முன்னால் பால்குடத்தோடு ஆடிக்கொண்டிருந்த ஆயா அப்படியே நின்றுவிட்டார். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த அடியில் மறுபடி கலைந்துவிட்டது. அன்று முழுவதும் இன்னொரு முறை சேரும் என்று அங்கேயே நின்றேன். சேரவில்லை.

வருங்கால இசையை எழுதவரும் நாவலாசிரியர்களில் பெரும்பாலோர் உரிச்சொற்களை அள்ளிக் கொட்டுவார்கள். தெய்விகம், அமானுஷ்யம், விண்மீன்களின் கீதம். எந்தச் சுருதி, எத்தனை எண்ணிக்கை என்று கேட்டால் பதில் இருக்காது. லெ குவின் வேலைப்பாட்டைக் கையில் கொடுக்கிறார், வாங்கி வாசித்துப் பார்க்கலாம். இசைக்கலைஞன் இந்த நாவல்களை அந்தக் காதோடு படிக்க வேண்டும். மற்றவர்கள் அசந்துபோகும் இடத்தில் நீங்கள் விரலில் எண்ண வேண்டும்.

எண்ணித்தான் பாருங்கள். சலாஸுக்கு ஐந்து கருவி, நமக்குத் தாளத்தில் ஐந்து ஜாதி: மூன்று, நாலு, ஐந்து, ஏழு, ஒன்பது என்ற எண்ணிக்கைகள். மாணவர்கள் ஐந்து பேரை உட்காரவையுங்கள். ஒருவனுக்குத் தகிட, ஒருவனுக்குத் தகதிமி, அடுத்தவனுக்குத் தகதகிட, அதற்கடுத்தவனுக்குத் தகிடதகதிமி, கடைசிப் பையனுக்குத் தகதிமிதகதகிட. வேகம் ஒன்று, சுழற்சி அவரவருடையது. அவரவர் முதல் எழுத்தில் மட்டும் பலமாக அடிக்க வேண்டும். எல்லாரும் ஒன்றாகத் தொடங்கினால், ஐந்து பேரின் அடியும் மறுபடி ஒன்றாக விழ 1,260 அட்சரம், அதாவது 1,260 எண்ணிக்கை, ஆகும். விநாடிக்கு இரண்டு அட்சரம் என்று வைத்தால் பத்தரை நிமிடம். நடுவே யாராவது அரை அட்சரம் நழுவினால் எல்லாம் போயிற்று. அந்தப் பத்தரை நிமிடம் ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவனைக் கேட்கவும் வேண்டும், அவன் பின்னால் போய்விடவும் கூடாது. எத்தனையாவது நிமிடத்தில், எந்தப் பையன் விடுகிறான் என்று எனக்கு எழுதுங்கள். ஏழு எண்ணுகிறவன்தான் விடுவான் என்பது என் கணக்கு.

200 கோடி ஆண்டுகளை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் பத்து நாள் ரவைப் பசை காய்ந்து ஒட்டியிருக்கும். முதலில் அதைச் சுரண்டுங்கள்.