ஸ்கேனர் கனெக்ட் ஆகலைன்னா ஈசியு (இஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர்) போச்சுன்னு அர்த்தம் இல்ல

கேள்வி: சார், புதுசா ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர், அதாவது வண்டியோட கோளாறு விவரத்தை போன்ல காட்டுற ஸ்கேனர், வாங்கி கார்ல இருக்கிற ஓபிடி சாக்கெட்ல செருகினேன். லைட் எரியுது, போன்ல பேரிங்கும் ஆயிடுச்சு, ஆனா ஆப்ல எப்பவும் 'ஈசியு-வுடன் இணைக்க முடியவில்லை'ன்னுதான் வருது. வண்டி நல்லாத்தான் ஓடுது. மெக்கானிக் ஈசியு மாத்தணும்ங்கறார். மாத்திடவா?

பதில்: தயவுசெஞ்சு மாத்தாதீங்க. இஞ்செக்டர், இக்னிஷன் எல்லாத்தையும் நடத்துறதே ஈசியுதான், வண்டி ஒழுங்கா ஓடுதுன்னா அது உயிரோடதான் இருக்கு, உங்க அடாப்டரோட பேச வழி இல்லாம இருக்கு, அவ்வளவுதான்.

லைட் எரியுதேன்னு நம்பிடாதீங்க. ஓபிடி சாக்கெட்டோட 16-ஆம் பின்னுக்கு பேட்டரில இருந்து நேரா கரண்ட் வருது, சாவியே போடலைன்னாலும் அடாப்டர் எரியும். ஆனா ஈசியு முழிச்சு பதில் சொல்ல இக்னிஷன் ஆன்ல இருக்கணும். சாவியை ஆன்ல வச்சுட்டு ஆப்பை மூடித் திறந்து பாருங்க. அப்பவும் வரலைன்னா அதே அடாப்டரை வேற கார்ல செருகிப் பாருங்க, அங்கயும் மக்கர் பண்ணினா அடாப்டர்தான் கோளாறு. ஈஎல்எம் 327-ன்னு (அடாப்டருக்குள்ள இருக்கிற சிப்போட பேரு) போட்டு வர்ற மலிவான நகல்கள் பலதுல பாதி கமாண்டே வேலை செய்யாது.

அங்க வேலை செஞ்சா மல்டிமீட்டரை எடுங்க. சாக்கெட்ல மேல் வரிசை 1-ல இருந்து 8, கீழ 9-ல இருந்து 16. 16-க்கும் 4-க்கும் நடுவுல, அப்புறம் 16-க்கும் 5-க்கும் நடுவுல, ரெண்டுலயும் பேட்டரி வோல்ட் வரணும். 4 பாடி எர்த், 5 சிக்னல் எர்த். அடுத்து கேன் லைன், அதாவது வண்டியோட கம்ப்யூட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசுற ரெண்டு வயர், பின் 6-உம் 14-உம். பேட்டரி நெகட்டிவை கழட்டிட்டு கொஞ்ச நேரம் விட்டு ஓம்ஸ் பாருங்க, 60 கிட்ட இருந்தா நல்லது. கேன் லைனோட ரெண்டு முனைலயும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அதான் சேர்ந்து 60. 120 காட்டினா ஒரு முனை அறுந்திருக்கு, கிட்டத்தட்ட சைபர்னா ரெண்டு வயரும் எங்கயோ உரசுது. கேட்வே மாட்யூல் (சாக்கெட்டுக்கும் மத்த கம்ப்யூட்டர்களுக்கும் நடுவுல நின்னு தகவலை கடத்துற பெட்டி) வச்ச புது வண்டிகள்ல இந்தக் கணக்கு மாறலாம், அதனால இதை மட்டும் வச்சு தீர்ப்பு சொல்லிடாதீங்க.

பழைய வண்டின்னா கேன் இல்லாம 7-ஆம் பின்ல கே-லைன்ங்கற பழைய தகவல் வயரா இருக்கலாம். அதுல சில வண்டிகள்ல முதல் அழைப்பே செகண்டுக்கு 5 பிட் வேகத்துலதான் போகும், ரெண்டு செகண்ட் அதுக்கே ஆயிடும். ஆப் பொறுமை இல்லாம விட்டுடும், அதனால ஆப் செட்டிங்ஸ்ல ப்ரோட்டோகாலை, அதாவது ஈசியுவோட பேசுற முறையை, ஆட்டோல விடாம நீங்களே செலக்ட் பண்ணுங்க.

ஒண்ணு முக்கியமா சொல்றேன், மீட்டரோட தடிச்ச முனையை சாக்கெட் ஓட்டைக்குள்ள திணிக்காதீங்க. என் கிட்ட வந்த ஒரு வண்டில டார்ச் அடிச்சுப் பார்த்தா 6-ஆம் பின்னோட தகடு மட்டும் வாய் பொளந்து நின்னுச்சு, யாரோ முன்னாடி டெஸ்ட் பண்ணின வேலை. அடாப்டரை ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடிச்சா கனெக்ட் ஆகும், கையை எடுத்தா போயிடும். மெல்லிய ஊசியால தகட்டை நெருக்கி விட்டதும் சரியாச்சு. அந்த ஓனர் அதுக்கு முன்னாடி ரெண்டு அடாப்டர் மாத்தியிருந்தார், பாவம்.

கேள்வி: என் அடாப்டர்ல லைட்டே எரியல, எங்க பார்க்கணும்?

பதில்: ஃப்யூஸ் பாக்ஸ். பல கார்கள்ல சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஓபிடி சாக்கெட்டுக்கும் ஒரே ஃப்யூஸ்தான். லைட்டர்ல சார்ஜரும் வேலை செய்யலைன்னா அந்த ஃப்யூஸ் போயிருக்க நிறைய வாய்ப்பு. மாத்துறதுக்கு முன்னாடி லைட்டர் சாக்கெட் குழிக்குள்ள காசு, கிளிப் ஏதாவது விழுந்திருக்கான்னு பாருங்க, இல்லைன்னா புது ஃப்யூஸும் உடனே போயிடும்.

கேள்வி: மனைவியோட ஆண்ட்ராய்டுல கனெக்ட் ஆகுது, என் ஐபோன்ல அடாப்டர் பேரே வரமாட்டேங்குது?

பதில்: உங்களுது பழைய வகை ப்ளூடூத் அடாப்டரா இருக்கும், அதை ஐபோன் ஏத்துக்காது. ப்ளூடூத் லோ எனர்ஜி அடாப்டரோ வைஃபை அடாப்டரோ வாங்குங்க. லோ எனர்ஜின்னா போன் செட்டிங்ஸ்ல தேடாம ஆப்புக்குள்ள இருந்தே கனெக்ட் பண்ணுங்க. வைஃபைன்னா ஆப்ல பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000-ன்னு போடணும், அதோட மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு ட்ரை பண்ணுங்க.